வாக்கியத்தை வெட்டியவர்

முதலில் ஒரு புள்ளி. பெயர் எழுத வேண்டிய கட்டத்தில் வெறும் ஒரு புள்ளியைத் தட்டிவிட்டு ‘அனுப்பு’ பொத்தானை அழுத்துகிறார். திரை ஏற்க மறுக்கிறது. அவர் தலையை மட்டும் அசைத்துக்கொள்கிறார். அடுத்து, இருபது வெற்றிடங்கள். அதுவும் மறுக்கப்படுகிறது. வயதுக் கட்டத்தில் கழித்தல் மூன்று. பிறந்த தேதி, பிப்ரவரி முப்பது. பிறகு எங்கிருந்தோ ஒரு செய்திக் கட்டுரையை முழுவதுமாக நகலெடுத்துத் தொலைபேசி எண்ணுக்கான கட்டத்துக்குள் ஒட்டுகிறார். இறுதியாக எல்லாவற்றையும் ஒழுங்காக நிரப்பி, பொத்தானை வேண்டுமென்றே நான்கு முறை வேகமாகத் தட்டுகிறார். முந்தைய பக்கத்துக்குத் திரும்பிப் போய் ஐந்தாவது முறையும் தட்டுகிறார். பதிவேட்டைத் திறந்து எண்ணிப் பார்க்கிறார். ஒரே ஒரு பதிவு இருந்தால் நாற்காலியில் சாய்கிறார். இரண்டு இருந்தால் அன்றைய பொழுது யாருக்கும் நல்ல பொழுதல்ல.

இவ்வளவும் அவரே எழுதிய படிவத்துக்கு, அவரே இழைக்கும் கொடுமைகள். நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் இணையச் செயலிகள் எழுதிக் கொடுப்பது அவருடைய தொழில். நாற்பத்தேழு வயதுப் பெண்மணி. அலுவலகத்தில் அவருக்குச் ‘சந்தேகம்’ என்று பெயர். மறைவில் அல்ல, முகத்துக்கு நேராகவே அப்படித்தான் அழைக்கிறார்கள். முன்னறையில் அமர்ந்து படங்கள் வரையும் வடிவமைப்பாளர், படியில் காலடி கேட்டதும் குரல் கொடுப்பார்: “சந்தேகம் வந்தாச்சு. இனிமே நிம்மதி கிடையாது.”

“வராம இருந்தா அதைவிட நிம்மதி கெட்டுப்போயிருக்கும்” என்பது உள்ளே நுழையும்போதே அவர் தரும் பதில்.

அலுவலகம் என்பது மூன்றாம் மாடியில் இரண்டு அறைகள். தரைத்தளத்தில் பூட்டுக்கடை, சாவி அராவும் ஓசை நாள் முழுவதும் படியேறி வரும். முன்னறையில் வடிவமைப்பாளரும் ‘சந்தேக’த்தின் தம்பியும். உள்ளறையில் அவர். வாடிக்கையாளர்களைப் பிடிப்பதும் பேசுவதும் தம்பியின் பொறுப்பு. பேசியதைச் செய்து கொடுப்பது அக்காவின் பொறுப்பு. “அவன் வாயால மாடி கட்டிட்டு வருவான். நான் அதுக்கு அடியில சுவர் எழுப்பணும்” என்பது இந்தப் பங்காளித்தனத்தைப் பற்றி அவர் தரும் விளக்கம்.

இரண்டு கைகளிலும் கடிகாரம் கட்டியிருக்கிறார். இடக்கைக் கடிகாரத்தில் ஊர் நேரம். வலக்கைக் கடிகாரத்தில் உலகப் பொது நேரம். மணி என்ன என்று யாராவது கேட்டால், “எந்த மணி வேணும்?” என்று திருப்பிக் கேட்கிறார். இது அலங்காரம் அல்ல. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மருத்துவமனையின் முன்பதிவுச் செயலியில் சர்வர் ஒரு நேரத்தையும் திரை இன்னொரு நேரத்தையும் காட்ட, பதினோரு நோயாளிகள் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கிறார்கள். அன்று முதல் அவர் எழுதும் எல்லாச் செயலிகளிலும் நேரம் வலக்கைக் கணக்கில்தான் சேமிக்கப்படுகிறது. மனிதர் பார்க்கும் இடத்தில் மட்டும் இடக்கைக்கு மாறுகிறது. “சேமிக்கும்போது ஊருக்குப் பொதுவா வை. காட்டும்போது ஆளுக்கு ஏத்த மாதிரி காட்டு.”

அவருடைய கை தானாகவே செய்யும் இன்னொரு காரியமும் உண்டு. நிரலில், அதாவது கணினிக்கு எழுதும் கட்டளைகளில், எதை மாற்றுவதற்கு முன்னும் ஒரு துண்டுத் தாளில், மாற்றினால் என்ன நடக்கும் என்று ஒரு வரி எழுதிக் கவிழ்த்து வைக்கிறார். மாற்றுகிறார். ஓட்டிப் பார்க்கிறார். பிறகு தாளை நிமிர்த்துகிறார். நினைத்ததும் நடந்ததும் ஒன்றாக இருந்தால் தாள் குப்பைக் கூடைக்குப் போகும். வேறாக இருந்தால், செயலி சரியாகவே ஓடினாலும், தாள் மேசையிலேயே இருக்கும். “ஓடுது, ஆனா ஏன் ஓடுதுன்னு தெரியலைன்னா அது ஓடலைன்னுதான் அர்த்தம்.” ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றுவார். இரண்டை மாற்றினால், எது குணப்படுத்தியது என்று நோய்க்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது.

தம்பி கைபேசியைப் பொத்திக்கொண்டு, “அக்கா, பள்ளிக்கூடத்துக்காரங்க சைட் வேலை செய்யலைங்கறாங்க” என்று எட்டிப் பார்க்கும்போது அவர் மூன்று கேள்விகள் கேட்பார். எத்தனை மணிக்கு? எதை அமுக்கினாங்க? என்ன வரும்னு நினைச்சாங்க? மூன்றுக்கும் விடை வராமல் விசைப்பலகையைத் தொடுவதில்லை. தம்பி ஒருமுறை, “என் கம்ப்யூட்டர்ல நல்லாத்தானே ஓடுது” என்று சொல்லிவிட்டார். “அப்ப உன் கம்ப்யூட்டரைத் தூக்கிட்டுப் போய் அந்த ஹெட்மாஸ்டர் மேசையில வெச்சுட்டு வா” என்று பதில் வந்தது. ‘ஏதோ தவறு நடந்துவிட்டது’ என்ற அறிவிப்பை எந்தத் திரையில் கண்டாலும் அவருக்கு மூக்கு விடைக்கும். “ஏதோன்னா எது? டாக்டர்கிட்டப் போறோம், ‘உங்களுக்கு ஏதோ ஆயிருக்கு, போயிட்டு வாங்க’ன்னு அனுப்பினா சும்மா வருவோமா?”

கடவுச்சொல்லை மறந்த வாடிக்கையாளர்கள் அவரை அழைத்துக் கேட்பதுண்டு. “எனக்கும் தெரியாது சார். எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் வேலையைத் தப்பாப் பண்ணியிருக்கேன்னு அர்த்தம். புதுசு போட்டுக்கங்க.” மாதத்தின் முதல் திங்கட்கிழமை, ஓரத்தில் துணி போர்த்தி வைத்திருக்கும் பழைய கணினியை எழுப்பி, சேமிப்பு நகல்களை அதில் விரித்துப் பார்க்கிறார். நகல் எடுத்ததாகச் சொல்பவரை அவர் மதிப்பதில்லை. அதைத் திரும்ப விரித்துப் பார்த்தவரைத்தான் மதிக்கிறார்.

அவருடைய கணவர் ஒரு பயணச்சீட்டுத் தளத்தில் படிவம் நிரப்பிய கதையை அந்த அலுவலகத்தில் எல்லோரும் ஒருமுறையாவது சொல்லிக் கேட்டிருக்கிறேன். அந்தத் தளம் பெயரை இரண்டாகக் கேட்டது. இரண்டாவது பெயர் கட்டாயம் என்றது. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தவிர வேறு எதுவும் இல்லாத அந்த மனிதர், நேர்மையாக, இரண்டாவது கட்டத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். பயணத்தன்று முகப்பில் இருந்த பெண் ஒலிபெருக்கியில் அழைத்தார்.

“திரு இல்லை அவர்கள் இருக்கிறாரா?”

“இருக்கேன், இருக்கேன்” என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினாராம் கணவர்.

இதைச் சொல்லிவிட்டு வடிவமைப்பாளர் சிரிப்பார். மனைவி சிரிக்க மாட்டார். “பேரை ஒரே கட்டத்துல கேளு. எப்படி எழுதறாங்களோ அப்படியே வை. அவங்க பேரைப் பத்தி அவங்களைவிட உனக்கு அதிகமாத் தெரியும்னு நினைக்காதே” என்று அதிலிருந்தும் ஒரு விதியைப் பிழிந்தெடுப்பார். அந்த விதிகளைச் சோதிக்கும் இறுதி அதிகாரி அவருடைய மாமியார். எந்தப் புதிய செயலியும் அந்த அம்மாளின் கையில் ஒருநாள் இருந்துவிட்டுத்தான் வெளியே போகும். “பட்டன் வெச்சா அமுக்குவாங்க. வைக்கலைன்னா எங்கேன்னு கேப்பாங்க. எழுதியிருக்கறதைப் படிக்கவே மாட்டாங்க. இதைவிட நல்ல டெஸ்டர் எங்கே கிடைப்பாங்க?”

இவ்வளவு சந்தேகப்படும் ஒருவருடைய நிரலில்தான் என் வாக்கியம் வெட்டப்பட்டது.

உண்மைகளை வரிசைப்படி சொல்லிவிடுகிறேன். உதிரிபாகக் கிடங்கு ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகள் பொறுப்பாளராக இருந்தவன் நான். ஒரு மாதத்தின் ஆறாம் தேதி காலை என் நுழைவு அட்டை வாயிலில் வேலை செய்யவில்லை. நான் விருப்பத்துடன் பணியிலிருந்து விலகிவிட்டதாக எட்டாம் தேதியிட்ட கடிதம் வந்தது. மறுப்பு இருந்தால் முப்பது நாளுக்குள் ஊழியர் தளத்தில் பதிவு செய்யலாம் என்றும் அதில் இருந்தது. அடுத்த மாதம் முதல் தேதி, காலக்கெடுவுக்குள், நான் பதிவு செய்த மறுப்பு இது:

‘கடந்த மாதம் ஆறாம் தேதி நான் யாருடைய வற்புறுத்தலும் இன்றி முழு மனதோடு பணியிலிருந்து விலகினேன் என்று தங்கள் கடிதத்தில் குறிப்பிட்டிருப்பது உண்மைக்கு மாறானது.’

அனுப்புவதற்கு முன் கட்டத்தின் கீழே ‘இன்னும் 100 எழுத்துகள் எழுதலாம்’ என்று காட்டியது. அந்தத் திரையைப் படமெடுத்து வைத்தேன். நிறுவனம் அனுப்பிய பதிலில், ‘தாங்களே எழுத்து மூலம் ஒப்புக்கொண்டுள்ளபடி’ என்று தொடங்கி, என் பெயரில் ஓர் அச்சுப் பிரதி இணைக்கப்பட்டிருந்தது. அதில் என் வாக்கியம் ‘விலகினேன்’ என்ற சொல்லோடு முடிந்திருந்தது. நான் எழுதியதை நானே மறந்துவிட்டதாக மேலாளர் தொலைபேசியில் சொன்னார். அந்தப் பிரதியில் ‘விலகினேன்’ என்பதற்குப் பின் முற்றுப்புள்ளி இல்லை. முற்றுப்புள்ளி வைக்காமல் நான் எந்த வாக்கியத்தையும் விட்டதில்லை. ஊழியர் தளத்தின் அடியில், அதை உருவாக்கியவர்களின் முகவரி பொடி எழுத்தில் இருந்தது. மறுப்பை அனுப்பிய தொண்ணூற்றாறாம் நாள், கோப்புடன் அந்த மூன்று மாடிகளை ஏறினேன்.

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை, கோப்பை வாங்கிக்கொண்டார். திரையின் படத்தையும் அச்சுப் பிரதியையும் அருகருகே வைத்து இரண்டு முறை படித்தார். திரும்பி, விசைப்பலகையில் ஏதோ ஒரு கட்டளையை எழுதினார். பிறகுதான் பேசினார்.

“வந்ததை வந்தபடியே ஒரு பிரதி நூறு நாள் வெச்சிருப்போம் சார். அதுக்கப்புறம் தானா அழிஞ்சிரும். இன்னும் நாலு நாள் இருக்கு. அழிக்கிறதை நிறுத்திட்டேன். இப்ப உக்காருங்க.”

அன்று அவர் நடந்துகொண்ட முறையை அருகிலிருந்து பார்த்தேன். துண்டுத் தாளை எடுத்து, ‘வெட்டாது’ என்று எழுதிக் கவிழ்த்தார். ஊழியர் தளத்தின் சோதனைப் பிரதியைத் திறந்து, ஆங்கிலத்தின் முதல் எழுத்தை இருநூற்று ஐம்பத்தைந்து முறை நிரப்பி அனுப்பினார். முழுதாகப் போய்ச் சேர்ந்தது. “இதைத்தான் அன்னிக்கும் போட்டுப் பாத்தேன்” என்றார், என்னிடமில்லை, திரையிடம். பிறகு என் வாக்கியத்தை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். கீழே ‘இன்னும் 100’ என்று வந்தது. அனுப்பினார். பதிவேட்டைத் திறந்தார். ‘விலகினேன்’ என்பதோடு நின்றிருந்தது. தாளை நிமிர்த்தி, மேசையின் நடுவில் வைத்தார்.

காரணத்தை நான் பின்னர் நூலகத்தில் மூன்று நூல்களைப் படித்துப் புரிந்துகொண்டு, அவரிடம் சரிபார்த்தேன். ஆங்கில எழுத்தோ வெற்றிடமோ ஒன்றைச் சேமிக்கக் கணினிக்கு ஓர் இடம் போதும். தமிழ் எழுத்துக்கும், அதன் காலுக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும், தனித்தனியே மும்மூன்று இடங்கள் வேண்டும். திரையில் எண்ணியது எழுத்துகளையும் இந்தக் குறிகளையும், ஒவ்வொன்றையும் ஒன்றாக. சர்வரில் எண்ணியது இடங்களை. இரண்டுக்கும் எல்லை இருநூற்று ஐம்பத்தைந்து. என் வாக்கியத்தில் ‘விலகினேன்’ முடியும் இடம் இருநூற்று ஐம்பத்து நான்கு. அதற்குப் பின்னுள்ள வெற்றிடம் இருநூற்று ஐம்பத்தைந்து. நிரல் அங்கே வெட்டிவிட்டு, யாரிடமும் சொல்லாமல், ‘உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது’ என்று பச்சை நிறத்தில் எனக்கு நன்றியும் கூறியிருக்கிறது.

அன்று மாலைக்குள் அவர் அதைத் திருத்திவிட்டார். இப்போது அது வெட்டுவதில்லை. அதிகமாக இருந்தால் எவ்வளவு அதிகம் என்று சொல்லி மறுக்கிறது. “முழுசா வாங்கிக்க முடியலைன்னா வாங்காதே. பாதியை வாங்கிட்டு முழுசுக்கு ரசீது குடுக்காதே” என்று வடிவமைப்பாளரிடம் சொன்னார். சாதாரணமாக அவர் விதிகளைச் சொல்லும்போது இருக்கும் காரம் அதில் இல்லை.

அதோடு நிற்கவில்லை. எல்லையின் விளிம்பு வரை நிரம்பிய பதிவுகள் வேறு எவை என்று தேடினார். நாற்பத்தொன்று கிடைத்தன. விடுப்பு விண்ணப்பங்கள், விளக்கங்கள், மறுப்புகள். பலவற்றின் கடைசியில், பாதி அறுபட்ட எழுத்துக்கு அடையாளமாகக் கறுப்புச் சதுரத்துக்குள் ஒரு கேள்விக்குறி இருந்தது. அவற்றின் கடைசிச் சொற்களை மட்டும் தாழ்ந்த குரலில் படித்துக்கொண்டே போனார். ஒன்று எனக்கு நினைவில் நின்றது: ‘அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நின்றுகொண்டு வேலை செய்ய மருத்துவர் என்னை அனு’. அனுமதிக்கிறாரா, அனுமதிக்கவில்லையா? அதை எழுதிய பெண்மணியைக் கிடங்கில் நான் அறிவேன். அவர் ஐந்து மாதங்களாக நின்றுகொண்டுதான் வேலை செய்கிறார்.

“தமிழ்ல ‘இல்லை’ எப்பவும் கடைசியிலதான் சார் வருது” என்றார். “முன்னாடி எங்கே வெட்டினாலும் ‘ஆமா’தான் மிஞ்சும்.”

மூல வாக்கியத்தின் பிரதியைக் கேட்டேன். கொடுக்க மறுத்துவிட்டார். “இந்த டேட்டா உங்க கம்பெனியோடது. உங்க வாக்கியமா இருந்தாலும் நானா எடுத்துக் குடுக்க எனக்கு உரிமை கிடையாது. தொழிலாளர் அலுவலர் கேக்கட்டும், நேர்ல வந்து காட்டறேன்.” மறுநாளே அலுவலருக்கு விண்ணப்பம் எழுதினேன், பெற்றுக்கொண்டதற்கான முத்திரையுடன் பிரதி என்னிடம் உள்ளது. விசாரணைக்கு இரண்டு வாரம் கழித்து நாள் குறித்தார்கள். ஊழியர் தளத்தை எழுதியவர் நேரில் வந்து விளக்க வேண்டும் என்று அவருக்கும் அழைப்பாணை போயிற்று.

அந்த அழைப்பாணைக்குப் பிறகு தம்பியின் குரல் மாறியது. என் நிறுவனம்தான் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர். ஆண்டில் பாதி உழைப்பு அங்கேதான் போகிறது. முன்னறை நாற்காலியில் நான் அமர்ந்திருப்பதை அறிந்தும், அறியாதவர்போல் உள்ளறையில் அவர் பேசியது இது:

“அக்கா, உன்னைப் பொய் சொல்லச் சொல்லலை. சும்மா இரு, அது போதும். அந்தப் பகுதியை முன்னாடி நம்மகிட்ட வேலை பாத்த ஆள் எழுதினான்னு கம்பெனிக்கு மெயில் போட்டுட்டேன். அவன் எங்கேயோ கடல் தாண்டிப் போயிட்டான். அவனுக்கு ஒரு முடிகூடக் கொட்டாது.”

“எழுதினது அவனா?”

“அவனோ எவனோ. அவங்க ஒரு ஆளைக் கேட்டாங்க. ஒரு ஆளைக் குடுத்துட்டேன்.”

“நீ பாத்தியா, யார் எழுதினதுன்னு?”

“நீ பாத்தியா?”

கீழே சாவி அராவும் சத்தம் படியேறி வந்தது.

“சொல்லுக்கா. நீ பாத்துட்டே, இல்லே?”

“கம்பெனிக்காரங்க போயிருவாங்கன்னுதானே பயப்படறே?” என்றார் அக்கா.

“பயமா? போயிட்டாங்கன்னா நாம மூணு பேரும் கீழே பூட்டுக்கடையில ஆளுக்கு ஒரு ஸ்டூல் போட்டுக்கிட்டு உக்கார வேண்டியதுதான்.”

“எனக்கு ஸ்டூல் ஒத்துக்காது சார்” என்று முன்னறையிலிருந்து வடிவமைப்பாளர் குரல் கொடுத்தார். “முதுகு சாயற மாதிரி பாத்து வாங்குங்க.”

தம்பி வெளியே வந்து, என்னைப் பார்த்து, “நீங்க நல்ல மனுஷன்தான் சார். ஆனா உங்களுக்கு எங்க அக்காவைத் தவிர வேற யாரும் கிடைக்கலையா?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கினார். அவருடைய நிலையில் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்.

விசாரணை அறையில் ஒரு நீள மேசை. தலைமாட்டில் அலுவலர். ஒருபுறம் நிறுவனத்தின் மேலாளரும் வழக்கறிஞரும். மறுபுறம் நான். அவர் மடிக்கணினியுடன் என் பக்கமும் இல்லாமல் அவர்கள் பக்கமும் இல்லாமல், மேசையின் மூலையில் அமர்ந்தார். அவருடைய நிறுவனத்தின் சார்பில் தம்பியும் வந்திருந்தார்; கடைசி நாற்காலி.

முதல் அரை மணி நேரம் எளிதாகவே கழிந்தது. பழைய நிரலை ஓட்டி, என் வாக்கியம் வெட்டுப்படுவதைக் காட்டினார். நூறு நாள் பிரதியிலிருந்து நான் எழுதியதை முற்றுப்புள்ளி வரை காட்டினார். அலுவலர் இரண்டையும் குறித்துக்கொண்டார். நான் பேனாவை மூடினேன்.

வழக்கறிஞர் அப்போதுதான் வாய் திறந்தார்.

“வெட்டுது, ஒத்துக்கறேன். இன்னிக்கு வெட்டுது. மனுதாரர் எழுதின அன்னிக்கு இதே நிரல்தான் இருந்ததுங்கறதுக்கு என்ன ஆதாரம்? இவங்க கம்பெனியே எங்களுக்கு மெயில் அனுப்பியிருக்காங்க, இதை எழுதினவர் வேலையை விட்டு வெளிநாடு போயிட்டார்னு. எழுதினவரைக் கேக்க வழியில்லாம, அப்புறமா எப்ப வேணா மாத்தியிருக்கக்கூடிய ஒண்ணை சாட்சின்னு எப்படி எடுத்துக்கறது? அந்தப் பிரதியையும் இதே இடத்துலதானே வெச்சிருந்தாங்க.”

மேலாளர் தலையசைத்தார். அலுவலர் தாளைப் புரட்டி அந்த மின்னஞ்சலின் பிரதியைக் கண்டெடுத்தார். அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாக, மேசை மூலையில் இருந்த அவரைப் பார்த்தார்.

“இவர் கேக்கறது நியாயம்தான். எழுதினவர் வந்து, ஆமா, இன்ன தேதியில இப்படித்தான் எழுதினேன்னு சொல்லணும். இல்லைன்னா நான் இதை ஓரமா வெச்சுட்டு, கையில இருக்கற அச்சுப் பிரதியை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். அந்த ஆளை வரவழைக்க முடியுமா?”

கையில் இருந்த பிரதி ‘விலகினேன்’ என்று முடிந்த பிரதி.

அவர் தம்பியைப் பார்க்கவில்லை. தம்பி அவரைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மேலாளர், இதமாக, உதவி செய்பவர்போல, “மேடம், உங்களுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். அந்த ஆள் போயிட்டார்னு சொல்லிட்டீங்கன்னா முடிஞ்சிரும். அடுத்த வருஷ வேலையைப் பத்தி அப்புறம் உக்காந்து பேசுவோம்” என்றார்.

“ஒவ்வொரு வரியையும் யார், எந்தத் தேதியில எழுதினாங்கன்னு பதிவு இருக்கும் சார்” என்றார் அவர், அலுவலரிடம். “நம்ம இஷ்டத்துக்குப் பின்னாடி மாத்த முடியாது. மாத்தினா, மாத்தினதும் பதிவாகும். அதோட பிரதி வெளியில வேற ஒரு இடத்துலயும் இருக்கு, சரிபாத்துக்கலாம்.”

“காட்டுங்க.”

விசைப்பலகையில் ஒரு கட்டளை எழுதினார். திரை நிரம்ப வரிகள் விரிந்தன. ஒவ்வொரு வரியின் இடப்புறமும் ஒரு பெயர், ஒரு தேதி. பெரும்பாலான வரிகளில் யாரோ ஓர் ஆணின் பெயர். அவர் கீழே நகர்த்திக்கொண்டே போய், வெட்டுகிற அந்த ஒற்றை வரியில் நிறுத்தினார். மடிக்கணினியைத் தூக்கி, அலுவலரின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அலுவலர் குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார்.

“எழுத்து ரொம்பப் பொடியா இருக்கே. யார் பேரு இது?”

அவர் மேசைமீது சாய்ந்து கையை நீட்டி, எழுத்தைப் பெரிதாக்கும் விசையை ஒருமுறை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். மூன்றாம் முறையில் நிரலின் வலது பாதி திரைக்கு வெளியே போயிற்று. நான்காம் முறையில் மேலும் கீழும் இருந்த வரிகள் போயின. திரையில் இப்போது எஞ்சியிருந்தது என் மறுப்புக்கு முந்தைய ஒரு தேதியும், அழைப்பாணையில் இருந்த அதே பெண்ணின் பெயரும்தான். மேசையின் கடைசி நாற்காலியில் இருந்த தம்பியும் படிக்கும் அளவுக்கு ஆகும்வரை அவர் அந்த விசையிலிருந்து விரலை எடுக்கவில்லை.